தொண்ணூற்றுமூன்று சதவீதம்

பிளெவென் நகரின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், ஆறாம் மாடியில் தனியாக இருந்தார் ரங்கெல். அவர் மனைவி ஸ்தோயங்காவுக்குக் கண் தெரியாது. அவளுக்காகக் கப்பல் கதை ஒன்றை இருபது அத்தியாயமும் வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்திருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவள் இறந்த பிறகு, அதை டோரன்ட் என்ற இணையப் பகிர்வில் போட்டார். வேண்டியவர்கள் அவர் கணினியிலிருந்தே துண்டு துண்டாக இறக்கிக்கொள்ளலாம். வேறெங்கும் அது கிடையாது.

வேண்டியவர் என்று வந்தது ஒரே ஒருத்தி. விடின் என்ற வேறு ஊரில் இருக்கும் டெமினா, பார்வையில்லாத தன் அம்மாவுக்காக. தொண்ணூற்றுமூன்று சதவீதம் வரை ஓடியது, அப்புறம் நின்றது நின்றதுதான். இணைப்பு வரும், அரை நிமிடத்தில் அறுந்துவிடும். மூன்று வாரமாக இதே கூத்து.

தினமும் காலையில் அந்த டோரன்ட் பக்கத்தின் அடியில் அவள் எழுதுவாள்: "மாமா, இன்னைக்கும் நகரல. கப்பல் கரை சேருமா சேராதான்னு கேட்டு அம்மா என் உயிரை எடுக்குறாங்க." ரங்கெல் காபியோடு உட்கார்ந்து பதில் எழுதுவார். முழங்கால் வலி, பால்கனியில் மிளகாய் சுட்டது, மழை. இரண்டு வருடத்தில் அவரை யாராவது ஏதாவது கேட்டார்கள் என்றால் இவள்தான்.

அவள் எழுதுவது பிடித்திருந்தாலும் நியாயம் நியாயம்தானே. இணையக் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"மத்ததெல்லாம் வேலை செய்யுதுங்களா?" என்றாள் அங்கிருந்த பெண்.

"செய்யுது."

"அப்ப லைன்ல குறை இல்லீங்க. நாங்க எதையும் தடுக்கறதில்லீங்க."

"பின்ன நான் அனுப்புறப்ப மட்டும் அறுக்குறது யாரும்மா, என் வீட்டுப் பூனையா?"

அவளும் பாவம், எழுதிக் கொடுத்ததைத்தான் ஒப்பிக்க முடியும். கம்பெனிக்காரர்களுக்கு வாயில் வருவதெல்லாம் பொய், அதற்குச் சம்பளத்துக்கு ஆள் வேறு.

கீழ்வீட்டு யாவோர் வந்து பார்த்தான். கணினி வேலை தெரிந்தவன். "அவனுங்கதான் மாமா. டோரன்ட்னு அடையாளம் தெரிஞ்சாலே வெட்டிவிடுவானுங்க. அடையாளத்தை மறைச்சு அனுப்புவோம், என்ன பண்றானுங்க பார்ப்போம்." எதையோ மாற்றினான். தொண்ணூற்றுநாலு என்று காட்டியது. "பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

பத்து நிமிடம். அதற்கப்புறம் அவள் எதற்கு எழுதப்போகிறாள்? ரங்கெல் மறுபடி கணினி முன் உட்கார்ந்தார். அனுப்பும் வேகத்துக்கு வரம்பு போடத் திரையில் ஒரு கட்டம் உண்டு. அதில் ஒன்று என்று தட்டினார். ஓட்டம் சொட்டாகக் குறைந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் விட்டுவிட்டார்.

மறுநாள் காலை அவள் எழுதியிருந்தாள்: "நகருது மாமா, ஆனா ஆமை வேகம். அந்தக் கம்பெனிப் பாவிங்க இன்னும் கழுத்தைப் பிடிக்கிறானுங்க. நீங்க எங்களுக்காக எவ்வளவு அலையுறீங்க!"

அதைப் படித்ததும் அவருக்குக் காபி இறங்கவில்லை. கட்டத்தில் இருந்த ஒன்றை அழித்தார். பிறகு எழுதினார்: "நேத்து பிடிச்சது கம்பெனி இல்லம்மா. நான்தான். முடிஞ்சா நீ போயிடுவேன்னு பயந்துட்டேன்."

பத்து நிமிடத்தில் நூறு சதவீதம் ஆனது. இறக்குபவர் பட்டியலில் இருந்த அவள் பெயர் திரையிலிருந்து போனது.

அவர் எழுதியதை அவள் படித்தாளா, படித்துக் கோபித்துக்கொண்டாளா, தெரியாது. திட்டியாவது ஒரு வரி எழுதமாட்டாளா என்று ரங்கெல் தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார்.