அண்ணி மட்டை பிடித்த நாள்

அன்று மைதானத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேனேஜர் மதாம். அவள் தங்கை. டாக்டர் வீட்டம்மா. போ பசானிலிருந்து வந்த டீச்சர்கள் இரண்டு பேர். ஒரு நர்ஸ். துறைமுக அதிகாரியின் மகள். இவர்கள் ஏழு பேரும் வெள்ளைக்காரிகள். பிறகு நாங்கள் நாலு பேர். என் நாத்தனார். இரட்டைப் பிள்ளைக்காரி. பக்கத்து வீட்டுக் கிரியோல்காரி, ஆப்பிரிக்க வம்சம். நான்.

எதிரே கப்பலில் வந்த இங்கிலாந்துப் பெண்கள் பதினொரு பேர். நடுவில் தீர்ப்புச் சொல்லக் கப்பல் ஆபீசர் ஒருவர். வேலி ஓரம் சிர்தார், வயலில் எங்களை வேலை வாங்குகிறவர். அவருக்குப் பின்னால் தோட்டத்து ஜனம்.

மொரிஷியஸ் தீவில் கான் தெ மாஸ்க் பக்கம் கரும்புத் தோட்டம். முப்பத்தேழாம் வருஷத்துக் கூலிக் கலகம் நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். போர் லூயியில் ஒரு கப்பல் மிஷின் பழுதாகி நின்றது. அதில் இந்தப் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் நாட்டுக்காக கிரிக்கெட் ஆடுகிறவர்கள். எங்கேயோ ஆடிவிட்டு ஊர் திரும்புகிறார்கள். நாலு நாள் சும்மா உட்கார அவர்களால் முடியவில்லை. ஆட்டம் கேட்டார்கள். மேனேஜர் மதாம் சரி என்றாள். எங்கே தேடியும் அவளுக்கு ஏழு பேர்தான் கிடைத்தார்கள். மிச்சத்துக்கு வயலுக்கு ஆள் அனுப்பினாள். இடுப்பில் கட்டிய சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்தோம்.

பலகையில் ஒரு பக்கம் இங்கிலாந்து, ஒரு பக்கம் மொரிஷியஸ் என்று சாக்கட்டியால் எழுதியிருந்தது. டீச்சர் ஒருத்தி எங்களுக்குத் தீவில் எல்லாரும் பேசுகிற கிரியோலில் படித்துச் சொன்னாள்.

"நாமளா அது?" என்றாள் இரட்டைப் பிள்ளைக்காரி.

"நாமதான்."

"காலையில புல்லு புடுங்கிக்கிட்டு இருந்தோம். மத்தியானம் மொரிஷியஸ் ஆயிட்டோம்."

சிர்தாருக்குப் பொறுக்கவில்லை. "போங்க மகாராணிங்களா, பந்து பட்டு மூக்கு உடைஞ்சா நாளைக்கு வேலைக்கு வரமாட்டேன்னு சொல்லாதீங்க" என்றார்.

"மூக்கு உடைஞ்சா உம்ம மூஞ்சி மாதிரி ஆயிடும், அதுதானே பயம்" என்றாள் இரட்டைப் பிள்ளைக்காரி.

மதாம் எங்களைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள். பந்து பொறுக்குவது உங்கள் வேலை. மட்டை நாங்கள் ஏழு பேர் பிடிப்போம். சரி என்று தலையாட்டினோம். நாத்தனார் மட்டும் ஆட்டவில்லை.

அவள் என் புருஷனுக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மேனேஜர் பங்களாவில் நாலு வருஷம் வேலை பார்த்தவள். சாயங்காலம் அந்த வீட்டுப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும். பந்து போடுவது அண்ணி. அடித்த பந்தை ஓடிப் போய் எடுத்து வருவதும் அண்ணி. மட்டையைத் தொடக் கூடாது. ஒரு தடவை துடைத்து வைக்க எடுத்ததற்கே திட்டு வாங்கினாள். "ஒரே ஒரு தடவை அடிச்சுப் பார்க்கணும், புள்ள" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். தனக்கு ஒன்று வேண்டும் என்று அவள் சொல்லி வேறெதையும் நான் கேட்டதில்லை.

இங்கிலாந்துக்காரிகள் முதலில் ஆடினார்கள். அவர்களைப் பார்க்க நன்றாக இருந்தது. வெள்ளைப் பாவாடை. நீள உறை போட்ட கால். வெட்கம் கிடையாது. பந்து வந்தால் ஒரு அடி முன்னால் வைத்து அடித்தார்கள். அடித்த சத்தம் கரும்புக்கு அந்தப் பக்கம் கேட்டது. பெண்பிள்ளை அப்படி அடித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எங்கே நிற்பது என்று எங்களுக்குத் தெரியாது. கல் வரிசையில் நிற்கிற மாதிரி நின்றோம். வயலில் கல் பொறுக்கும்போது நாங்கள் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றுவோம். கல்லை வீசக் கூடாது. வீசினால் யார் காலாவது போகும். வந்ததைப் பிடிக்க வேண்டும், அடுத்த கைக்குக் கொடுக்க வேண்டும்.

அவர்களில் சிவப்புத் தலைமயிர்க்காரி ஒருத்தி உயரத் தூக்கி அடித்தாள். கிரியோல்காரி பிடித்தாள். பிடித்த உடனே என் கையில் கொடுத்தாள். நான் இரட்டைப் பிள்ளைக்காரியிடம். அவள் அண்ணியிடம். அண்ணி கொண்டுபோய் ஆபீசர் காலடியில் வைத்தாள். பந்து தரையில் பட்டதா இல்லையா என்று ஆபீசருக்குத் தெரியவில்லை. அவுட் இல்லை என்று தலையசைத்தார்.

சிவப்புத் தலைமயிர்க்காரி அவரைப் பார்க்கவில்லை. மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தானாக வெளியே நடந்தாள். போகிற வழியில் கிரியோல்காரியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தன் கையையும் விரித்துக் காட்டினாள். அதிலும் காய்ப்பு. அவள் ஊரில் கம்பளி மில்லில் வேலை செய்கிறவள் என்று நர்ஸ் சொன்னாள். வெள்ளைக்காரி மில்லில் வேலை செய்வாள் என்பதே எங்களுக்குப் புதுசு.

பிறகு எங்கள் பக்கம் ஆடியது. மதாமின் ஆட்கள் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். ஆறு பேர் அவுட். மதாம் மட்டும் நின்றாள். அவளுக்கு எதிர்ப் பக்கம் நிற்க ஆள் இல்லை. ஆட்டம் முடிந்தது என்று கையுறையைக் கழற்றினாள்.

எதிரணித் தலைவி, ஆட்டம் இன்னும் முடியவில்லை என்றாள். எங்கள் நாலு பேரையும் விரல் நீட்டி எண்ணினாள். மதாம் இங்கிலீஷில் என்னமோ சொன்னாள். இவர்களுக்குத் தெரியாது என்றிருப்பாள்.

அதற்குள் அண்ணி எழுந்துவிட்டாள். கீழே கிடந்த மட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். யாரையும் கேட்கவில்லை. காலில் பட்டை கட்டவில்லை. வெறுங்கால். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குச்சிக்கு முன்னால் நின்றாள். மதாம் அவளைப் பார்த்தாள். பிறகு கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

முதல் பந்து போனது தெரியவில்லை. இரண்டாவது பந்தை அண்ணி அடித்தாள். நல்ல அடி. பந்து புல்லில் உருண்டு ஓடியது.

அண்ணி மட்டையோடு அதன் பின்னாலேயே ஓடினாள். பந்தை எடுக்க.

நாலு வருஷப் பழக்கம். பந்து ஓடினால் கால் தன்னால் போகும். ஜனம் சிரித்தது. சிர்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதாம் அதற்குள் இந்தப் பக்கம் ஓடி வந்துவிட்டாள். "கூரி! கூரி!" என்று கத்தினாள். கிரியோலில் ஓடு என்று அர்த்தம். அண்ணி காதில் விழவில்லை. பங்களாவிலும் அதே குரல் அதே சொல்லைத்தான் சொல்லியிருக்கும்.

நான் எழுந்து தமிழில் கத்தினேன். "அண்ணி! பந்தை விடுங்க! இன்னைக்கு அதைப் பொறுக்கறது அவங்க வேலை!"

பந்தை எடுத்தது சிவப்புத் தலைமயிர்க்காரி. அண்ணி அவள் முன்னால் போய் நின்றுவிட்டாள். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பந்தைக் கொடு என்று இரண்டு கையும் நீட்டினாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கொடுக்கவும் இல்லை. மோவாயால் எதிர்க் குச்சியைக் காட்டினாள். அண்ணிக்கு அப்போதுதான் புரிந்தது. திரும்பினாள். அவள் திரும்பும்வரை அந்தப் பெண் பந்தை எறியவில்லை. திரும்பின பிறகு எறிந்தாள். பாவம் பார்த்து எறியவில்லை, முழுப் பலத்தோடு எறிந்தாள். அண்ணி அந்த மாதிரி ஓடி நான் பார்த்ததில்லை. பந்து குச்சியில் பட்டபோது அவள் கோட்டைத் தாண்டியிருந்தாள்.

ஜனம் சிரிப்பதை நிறுத்தியது.

அதற்குப் பிறகு அவள் பந்தின் பின்னால் போகவில்லை. ஒரு பந்து வேலியில் போய் இடித்தது. சிர்தார் காலைத் தூக்கிக்கொண்டார். மற்றதற்கு மதாமும் அவளும் எதிரும் புதிருமாக ஓடினார்கள். ஒரு தடவை நடுவில் இடித்துக்கொண்டார்கள். மதாம்தான் "பார்தோன்" என்றாள். மன்னிப்புக் கேட்கிற சொல். அண்ணி நிற்கவில்லை. ஓட வேண்டியிருந்தது.

கடைசியில் ஒரு பந்து குச்சியைச் சாய்த்தது. அண்ணி அதை எடுத்து நடக் குனிந்தாள். பாதியில் நிமிர்ந்தாள். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தாள். சிவப்புத் தலைமயிர்க்காரி கைதட்டினாள். பிறகு மற்ற பத்துப் பேரும் தட்டினார்கள்.

அடுத்து நான் போனேன். முதல் பந்திலேயே அவுட். மற்ற இரண்டு பேரும் அப்படித்தான். தோற்றோம். நிறைய வித்தியாசம்.

வெயில் இறங்குமுன் வீட்டுக்கு நடந்தோம். அண்ணி வலது கையை மட்டும் மடக்கி மடக்கி விரித்துக்கொண்டு வந்தாள். சிர்தார் பின்னால் சைக்கிளில் வந்தார். எங்கள் பக்கத்தில் வந்து இறங்கினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தார்.

"நான் எண்ண மறந்துட்டேன்" என்றார். "எத்தனை அடிச்சே?"

அண்ணி நின்றாள்.

"ஒன்பது."