மஞ்சள் நீர் அன்று மாமா வைத்த சத்தம்

என் மாமா டி.ஜே. ஆன கதையை அவரே சொல்லக் கேட்டால் ஏதோ கலெக்டர் ஆன கதை போலிருக்கும். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்து ஊர். அவருடைய அப்பா, அதாவது என் அப்பச்சி, ரேடியோ செட் வைத்திருந்தவர். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, ஒரு இசைத்தட்டு ஓடி முடிந்ததும் அடுத்ததை வைப்பார். நடுவில் மைக்கைப் பிடித்து, காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறத்தை அறிவிப்பார். மாமா தலையெடுத்தபோது கேசட் வந்தது, பிறகு சிடி வந்தது. பெங்களூர்க் கல்யாணம் ஒன்றில் யாரோ காதில் ஹெட்ஃபோன் மாட்டி இரண்டு பாட்டை ஒன்றாகக் கலப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர், ஆள் உயரப் பெட்டிகளையும் ஒரு லேப்டாப்பையும் வாங்கி மினி லாரியில் ஏற்றிவிட்டார். அப்பச்சிக்கு வயிற்றெரிச்சல்.

"பாட்டை முழுசாப் போடத் தெரியாதவன் எதுக்குடா செட்டு வெக்கற?" என்பார். பக்கவாதம் வந்து படுத்த பிறகும் இதைக் குழறிக் குழறிச் சொன்னார்.

எனக்கு அப்போது எட்டு வயது. மாரியம்மன் திருவிழாவுக்கு, ஊர்ப் பேச்சில் நோம்பிக்கு, அம்மாவும் நானும் அப்பச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. அம்மன் தெருக்களைச் சுற்றிக் கோயிலுக்குள் போய்விட்டால் நோம்பி முடிந்தது. அதற்குள் ஊரில் சாவு விழுந்து வெளியே தெரிந்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். ஏற்கெனவே இரு தரப்புச் சண்டையில் பல வருடம் நோம்பியே இல்லாமல் கிடந்த ஊர் அது. இந்த முறையும் நின்றால் இனி நடக்காது என்று எல்லோருக்கும் பயம்.

நடுப்பகல். முன்னால் மாமாவின் லாரி, பின்னால் அம்மன். என்னை லாரி மேல் தன் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். கீழே தண்ணீர் ஊற்றி விளையாடிய பிள்ளைகளை நான் மனிதர்களாகவே மதிக்கவில்லை. மேலத்தெரு திரும்பும்போது தர்மகர்த்தா தொற்றி ஏறி மாமாவின் காதில் கத்தினார்.

"ஒரு ஊட்ல பெரியவரு இழுத்துக்கிட்டுக் கெடக்கறாருங்க. போயிட்டா பொம்பளைங்க அழுவாங்க. அழுகை வெளிய கேட்டா நோம்பி நின்னுபோகும். சாமி உள்ள போற வரைக்கும் சத்தத்தைக் கொறைக்காதீங்க."

"யாரு ஊட்லங்க?"

"கீழத்தெருவுல யாரோ. நீங்க போடுங்க."

மாமாவுக்கு வேறு நினைப்பே வரவில்லை. காலையில்தான் அப்பச்சிக்கு இரண்டு இட்லி ஊட்டிவிட்டு வந்திருந்தார். "நீயே கூட்டு சாமி" என்று சத்தத்தைக் கூட்டும் குமிழை எனக்குக் காட்டினார். நான் திருகினேன். என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

லாரி மேலத்தெருவில் அப்பச்சி வீட்டைத் தாண்டும்போது அம்மா வாசலில் நின்றாள். இரண்டு கையையும் ஆட்டி, வாயை அகலத் திறந்து கத்தினாள். ஒரு சத்தமும் வரவில்லை. தெருப் பெண்கள் இரண்டு பேர் அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். என்னை லாரியிலிருந்து இறங்கச் சொல்லித் திட்டுகிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாமா ஹெட்ஃபோனோடு லேப்டாப்பில் குனிந்திருந்தார்.

அம்மன் உள்ளே போனதும் தர்மகர்த்தாவே வந்து மாமாவின் தோளைத் தொட்டு, இழுத்துக்கொண்டு கிடந்தவர் அப்பச்சிதான், போய்விட்டார் என்று சொன்னார். மாமா பாட்டை நிறுத்தக்கூட இல்லை. அப்படியே ஓடினார்.

போகிற உயிருக்கு மகன் கையால் பால் ஊற்ற வேண்டும். அந்தப் பால் அப்பச்சியின் தலைமாட்டில் டம்ளரில் ஆடை கட்டிக் கிடந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ மேல நின்னியே சாமி, நம்ம ஊட்ல இருந்து யாராச்சும் கூப்ட்டாங்களா?"

"இல்லீங்க மாமா."

அம்மா என்னைப் பார்த்தாள். அறை விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"யாரும் கூப்புடலை தம்பி. அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு" என்றாள் மாமாவிடம்.

என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் அம்மாவும் பொய் சொன்னாள் என்று நினைத்து, பக்கத்து வீட்டில் போட்ட சோற்றை அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். அப்பச்சி கடைசி வரைக்கும் மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி இருந்தார் என்று, எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். மாமாவிடம் அவள் இன்றுவரை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.