மடியில் விழாத வெளிச்சம்

மினாத் துறைமுகத்துப் பின்தெருவில் முடிதிருத்தும் முன்திருக்குத் தெரியாத தொழில் உலகத்திலேயே கிடையாது. அவர் கை வைத்த குழாய் இன்னும் சொட்டுகிறது, அவர் பழுது பார்த்த கடிகாரம் நினைத்தபோது ஓடுகிறது. அது வேறு விஷயம். அதனால் சமையலறை அலமாரிக்கு அடியில் எல்.இ.டி. விளக்குப் பட்டை ஒட்டப்போவதாக அவர் அறிவித்ததும், மனைவி நஜாத் முதல் வேலையாகக் கண்ணாடிச் சாமான்களையெல்லாம் உள்ளறைக்குக் கடத்தினாள்.

"எதுக்கு இப்ப இந்த வேலை, அபு வாசிம்?" என்றாள், மகன் வாசிமின் அப்பா என்று அவரைக் கூப்பிடும் வழக்கப்படி.

"ராத்திரி தண்ணி குடிக்க வந்தா ஒரே இருட்டா இருக்கு."

"நீங்க என்னிக்கு எழுந்து வந்து தண்ணி குடிச்சீங்க? கூப்பிட்டுத்தானே குடிப்பீங்க!"

அவர் பேச்சை மாற்றினார். உண்மையைச் சொன்னால் வீட்டில் போர். போன விருந்தில் அவருடைய அக்கா ஃபத்வாவின் தட்டில், குட்டிச் சுரைக்காய் மாதிரியான கூசாக்காய் வயிறு கிழிந்து, உள்ளே குடைந்து அடைத்த சோறும் கறியும் குழம்பில் மிதந்தன. நஜாத் குடையும்போது கத்தி அடியைத் துளைத்திருக்கிறது.

"இந்தப் பெருநாளைக்கு நானே குடைஞ்சு எடுத்துட்டு வரேன், நஜாத். நீ பாவம், களைச்சுப் போயிருக்க" என்றாள் ஃபத்வா, தேனில் ஊறிய குரலில்.

கல்யாணமானதிலிருந்து அந்தக் குடும்பத்தின் பெருநாள் காய் நஜாத்தின் கையால்தான். அன்று அவள் தேய்த்த தேய்ப்பில் பாத்திரம் ஒரு சுற்று மெலிந்தது. "இந்த வருஷம் காயே சரியில்ல" என்றாள். கண் சரியில்லை என்று அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. கண்ணாடி போடச் சொல்லலாம் என்று ஒருமுறை வாயைத் திறந்தவர், கொட்டாவி விட்டு மூடிக்கொண்டார்.

வேலை தடபுடலாக நடந்தது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார், சாக்பீஸால் கோடு போட்டார், பட்டையைக் குறி போட்ட இடத்தில் வெட்டினார். மின்சாரம் அங்கே நினைத்தால் வரும் விருந்தாளி. ஆகவே இணைப்பைப் பால்கனியில் இருந்த பன்னிரண்டு வோல்ட் கார் பேட்டரியிலிருந்து எடுத்தார். மெல்லிய கம்பி சுவரோரமாகச் சமையலறை முழுக்க ஊர்வலம் போனது. போய்ச் சேர்வதற்குள் களைத்துவிட்டதோ என்னவோ, கடைசிப் பட்டை மட்டும் சோகையாக எரிந்தது. மற்றபடி சமையல் மேடை நகைக்கடை மாதிரி மின்னியது.

நஜாத் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு" என்றாள். பிறகு காய்த் தட்டை எடுத்துக்கொண்டு, பால்கனிக் கதவோரம் தன் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, மேடைக்கு முதுகைக் காட்டியபடி குடைய ஆரம்பித்தாள். மடியில் அவள் நிழலே விழுந்தது. அத்தனை வெளிச்சத்திலும் உப்பு ஜாடி ஒன்றுதான் ஜொலித்தது.

"மேடையில நின்னு குடையலாமே?"

"நின்னுக்கிட்டுக் காய் குடைய நான் என்ன ஓட்டல் சமையல்காரனா?"

மறுநாள் கடையில் ஒருவருக்கு மீசை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது முன்திர் அப்படியே நின்றார். கடை விளக்கு ஆளின் முகத்துக்கு மேலேதான் இருந்தது. கத்தி வைக்கும் பலகைக்கு எவனாவது விளக்குப் போடுவானா? வீட்டில் அவர் போட்டிருந்தார்.

"இதோ வந்துட்டேன்" என்று கிளம்பியவர் மாலைவரை வரவில்லை. பாதி மீசையோடு உட்கார்ந்திருந்தவர் இன்றும் அந்தக் கதையைத் தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார்.

வீட்டில் நஜாத்தின் முக்காலிக்கு நேர் மேலே ஊறுகாய் ஜாடிகள் வைக்கும் பலகை இருந்தது. அலமாரிக்கு அடியிலிருந்த பட்டை முழுவதையும் உரித்து, இந்தப் பலகையின் அடியில், முன்விளிம்பை ஒட்டி, கண்ணில் அடிக்காதபடி ஒட்டினார். பேட்டரி கதவுக்கு அந்தப் பக்கமே; கம்பி இரண்டு முழம்கூடத் தேவைப்படவில்லை. சோகைப் பட்டையும் தெம்பாக எரிந்தது.

பெருநாளுக்கு முந்தைய மாலை, தான் குடைந்த காய்களை ஒரு பேசினில் சுமந்து ஃபத்வா படியேறி வந்தாள். உள்ளே நுழையவும் மின்சாரம் போகவும் சரியாக இருந்தது. தெருவே இருண்டது. நஜாத்தின் மடியில் மட்டும் வெளிச்சம். அவள் பக்கத்தில் குடைந்த காய்கள் குவிந்திருந்தன.

"எல்லாம் முழுசா இருக்கா?" என்றாள் ஃபத்வா.

நஜாத் ஒரு காயை விளக்குக்கு நேரே பிடித்தாள். மெல்லிய தோல் பச்சையாக ஒளிர்ந்தது, ஓட்டை இல்லை. பிறகு சாவகாசமாக ஃபத்வாவின் பேசினிலிருந்து ஒன்றை எடுத்துப் பிடித்தாள். அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

"நீங்க பாவம்க்கா, களைச்சுப் போயிருக்கீங்க. உட்காருங்க, காப்பி போடறேன்."

முன்திர் சிரிப்பை அடக்க முகத்தைப் பால்கனிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அபு வாசிம்" என்றாள் நஜாத், அடுத்த காயைக் குடைந்தபடி. "உங்களுக்குத் தண்ணி வேணுமா? மேடைப் பக்கம் இருட்டா இருக்கும், நானே எடுத்துத் தரேன்."