தட்டிக்கொண்டே வந்த மூடி

விடியற்காலை அயோத்தியாப்பட்டணத்தில் காருக்குப் பெட்ரோல் போட்டேன். “மூடியை நானே பூட்டிக்கறனுங்க” என்று பங்க் ஊழியரிடம் சொல்லிவிட்டு, கிலோமீட்டரை டைரியில் குறித்த நான், அப்படியே கிளம்பிவிட்டேன். ஆத்தூரில் மைத்துனருக்கு ஏழரை மணி முகூர்த்தம். தாலி என் மனைவியின் மடியில் இருந்தது.

வயல்களின்மேல் பனி மிதந்தது. சாலை கனவுபோல் நீண்டது.

“ஏனுங்க, யாரோ கதவைத் தட்டறாப்புல இருக்குதுங்க” என்றாள் மனைவி, அரைத்தூக்கத்தில். டேஷ்போர்டில் என்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கும் எரிந்தது. வாழப்பாடி அருகே பதறி நிறுத்தினேன். பெட்ரோல் மூடி வாரில் தொங்கிக்கொண்டிருந்தது.

“பேனா மூடிய மட்டும் பத்திரமா மூடியிருக்கீங்க!” என்றாள்.

இறுக்கிப் பூட்டியும் விளக்கு அணையவில்லை. மெக்கானிக்கைப் போனில் அழைத்தேன். “மூடி தொறந்திருந்தாலே அந்த விளக்கு எரியும்ங்க. பயப்படாம ஓட்டுங்க. அது ஓடி ஓடித்தான் அணையும்ங்க.”

தாலி நேரத்துக்குச் சேர்ந்தது. விளக்கு மூன்றாம் நாள் அணைந்தது. இப்போதெல்லாம் பெட்ரோல் மூடியின் ‘கிளிக்’ கேட்ட பிறகே பேனாவைத் திறக்கிறேன்.