சீமைப்பலா தாளத்தில் டுல்சியின் முறை

ஒலிப்பெட்டியின் தலையில் தகரக் குவளை நிறையத் தண்ணீரை வைத்துவிட்டு, மிஸ் அயோனி அதையே முறைத்துக்கொண்டிருப்பார். "தண்ணி நடுங்கணும், சிந்தக் கூடாது. சிந்திச்சுன்னா நீ பேஸ் வாசிக்கல, என் வீட்டை இடிக்கிற!" என்று கித்தார்க்காரனை ஒரு பிடி பிடிப்பார். நடுக்கம் சரியாக வந்த அன்று அடுப்பில் சீமைப்பலா வெந்துகொண்டிருந்தது. தாளக்கட்டுக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்.

கிங்ஸ்டனில் எங்கள் சந்தில்தான் அவருடைய ஸ்டூடியோ. நான் அங்கே கீபோர்டு வாசிக்கிறேன், திட்டும் வாங்குகிறேன். ஒரே தாளக்கட்டு, அதன்மேல் பத்துப் பேர் பத்து விதமாகப் பாட வேண்டும். ஒருவர் பாடியதை இன்னொருவர் காதில் போடவே மாட்டார். "கேட்டானா, அவனை மாதிரியே இவனும் பாடித் தொலைப்பான்."

பெரிய தலைகளெல்லாம் பாடி முடித்தபின் மீதியிருந்த ஓர் இடத்தை, கடற்கரையில் மீன் பொரித்து விற்கும் டுல்சிக்குக் கொடுத்தார். அதுவரை எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் மட்டுமே பாடியவள் அவள்.

"மீன்காரியா? என்கூடவா?" என்று சிரித்தார் ரஸ் ஒபதையா. தீவு முழுக்கப் பெயரெடுத்த பாடகர்.

"உன் தொண்டைக்கு வயசாச்சு ராசா. அவ தொண்டை இப்பதான் முழிச்சிருக்கு."

இசைத்தட்டு போட்டு ஜனங்கள் ஆடும் ஆட்டக் களத்தில் மிஸ் அயோனிக்கு ஆகவே ஆகாத வழக்கம் ஒன்று உண்டு. பாட்டு பிடித்துவிட்டால் ஜனங்கள் களத்தைச் சுற்றியுள்ள தகர வேலியை அடிப்பார்கள். இசைத்தட்டுக்காரன் நிறுத்தி, முதலிலிருந்து போட்டே ஆகவேண்டும். "ஒருத்தனையே சுத்திச் சுத்திப் போட்டா, மத்தவங்க வயித்துல ஈரத்துணியா?" என்று பொரிந்து தள்ளுவார்.

போன ஞாயிறு புல் பே கடற்கரையில் சீமைப்பலாவை முதன்முதலாகப் போட்டோம். அடடா, என்ன கூட்டம்! பாட்டுக்குப் பாட்டு துள்ளியது. ஆனால் பொழுது சாய்ந்ததும் போலீஸ் நிறுத்திவிடும். டுல்சிக்கு முந்தைய பாட்டு ஒபதையாவினுடையது. வேலி அதிர்ந்தது, இசைத்தட்டுக்காரன் பிக்கா திருப்பிப் போட்டான். மறுபடி அதிர்ந்தது, மறுபடி போட்டான். போலீஸ் ஜீப்பும் வந்து நின்றுவிட்டது. டுல்சி இடுப்பில் கட்டிய சமையல் துணியைக் கசக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னிக்கு விட்டா இந்தப் பொண்ணு பாட்டை எவன் போடுவான்? டேய் பிக்கா, அடுத்ததைப் போடுடா!" என்று பாய்ந்தார் மிஸ் அயோனி.

"ஜனங்க என்னைக் கொன்னுடுவாங்க மிஸ்!"

"அவங்க அப்புறமா கொல்லட்டும். நான் இப்பவே கொல்லுவேன்!"

போட்டான். கரகரவென்று, உப்புக்காற்று ஏறிய குரல் கிளம்பியது. கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. ஆட்டமில்லை, சத்தமில்லை. போச்சு, தொலைந்தோம் என்று நினைத்தேன். இரண்டாவது அடியை அவள் எடுத்தாள் பாருங்கள், எங்கிருந்தோ வேலியில் ஒரு தட்டு விழுந்தது. இன்னொன்று. பிறகு வேலி முழுக்க!

திருப்பிப் போடலாமா என்று பயந்துகொண்டே பிக்கா மிஸ் அயோனியைத் தேடினான். அவர் காலிலிருந்த செருப்பைக் கழற்றி, தகரம் நெளிய நெளிய வேலியை அடித்துக்கொண்டிருந்தார்.