பின்னட்டையில் நின்ற சொல்

தையல் ஆலையில் அவளுக்கு நூல்காரி என்று பெயர். தோளில் எப்போதும் நூல்துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் வைத்த பெயர். அவள் ஒரு நாவல் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தபோது, "பொருத்தமாத்தான்டி வச்சிருக்கோம்" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்தார்கள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அக்கா வேலை செய்த ஆலைக்கே அவளும் போனாள். ஏழு வருடங்களுக்கு முன்னால் அந்த ஆலையின் துணிக்கிடங்கில் தீப்பிடித்தது. வேலை முடியும் முன்னே யாரும் நழுவிவிடக் கூடாது என்று மேற்பார்வையாளர் கிடங்கை வெளியே பூட்டி வைத்திருந்தார். உள்ளே அக்கா இருந்தாள்; பூட்டிய கதவுக்கு வெளியே இவள் நின்றிருந்தாள். மறுநாள் ஆலைக்காரர்கள் எழுதிய தாளில் 'விபத்து' என்று இருந்தது. போலீசும் அதையே எழுதியது. துக்கம் கேட்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள்.

அக்கா புருஷன் அடுத்த வருடமே வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். அக்கா மகளை அவள்தான் வளர்க்கிறாள். வேறு ஆலைக்கு மாறி, சாப்பாட்டு இடைவேளைகளில், பழைய அளவுத் தாள்களின் பின்புறத்தில், ஐந்து வருடம் எழுதினாள். இருநூறு பக்கத்தில் ஓரிடத்தில்கூட 'விபத்து' என்ற சொல்லை வரவிடவில்லை. பிள்ளைக்கு இப்போது பதினோரு வயது. அம்மா தீயில் போனாள் என்று மட்டும் தெரியும். பூட்டைப் பற்றித் தெரியாது. வளர்ந்த பிறகு அவளே படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இத்தனையும்.

பின்னட்டைக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று அச்சகக்காரர் கேட்டார். எழுதியதை எடுத்துக்கொண்டு, நூலகத்தின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற வாசகர் வட்டத்துக்குப் போனாள்.

"பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒருத்தி எரிந்தாள்" என்று தொடங்கியது அவளுடைய முதல் வரி.

"ஏம்மா, பூட்டு, தீ எல்லாத்தையும் அட்டையிலயே கொட்டிட்டா நான் எதுக்கு உள்ள வரணும்?" என்றார் பஸ் ஓட்டுநர். நாலு பக்கத்தில் பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடிவிடுவார் என்பதால் அவருக்கு 'நாலுபக்கம்' என்றே பெயர். "கதவச் சொல்லு. பூட்டச் சொல்லாத."

"நீங்க மட்டும் பஸ்ஸு நெத்தியில ஊர் பேர எழுதிக்கிட்டுத்தானே ஓட்டுறீங்க? அதையும் மறைச்சுட்டு ஓட்டுங்களேன்" என்றாள் மருந்துக்கடைக்காரி. இரண்டு சிறுகதைப் புத்தகம் போட்டவள். பிறகு இவள் பக்கம் திரும்பி, "ஆனா எரிஞ்சான்னு போடாதம்மா. கையில எடுக்கவே பயமா இருக்கு" என்றாள்.

மூன்று ஞாயிறு மாற்றி மாற்றி எழுதினாள். ஒரு வாரம் நீளம் என்றார்கள். ஒரு வாரம் மொட்டையாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னதில் பாதி சரி என்று அவளுக்கே தெரிந்தது. நான்காவது ஞாயிறு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பேனாவைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். எல்லாருக்கும் அவர் சார்.

"தையல் ஆலையில் விபத்தில் இறந்துபோன ஓர் இளம் தாயின் கதை. அன்று அந்தக் கதவு ஏன் திறக்கவில்லை?"

"அடடே, இப்ப நான் ஏறிட்டேன் சார்! டிக்கெட்டக் குடுங்க" என்றார் நாலுபக்கம்.

"சார்... அந்தச் சொல்லு..."

"எந்தச் சொல்லும்மா?"

"விபத்துன்னு..."

"தீ விபத்துன்னுதானே எல்லாரும் சொல்றோம்? வேற எப்படிச் சொல்றது?" அவர் உண்மையாகவேதான் கேட்டார். மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் சேர்ந்தாற்போல் பார்த்தால் அவள் எதற்கும் தலையாட்டிவிடுவாள்.

"இல்ல சார். நல்லாத்தான் இருக்கு."

சார் தன் போனிலிருந்தே அதை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்.

ஒரு வாரத்தில் திருத்திக் கொடுக்கச் சொல்லி அட்டையின் மாதிரித் தாள் வந்தது. தாள் யாரையும் முறைத்துப் பார்ப்பதில்லை. 'விபத்தில்' என்ற சொல்லின் குறுக்கே அழுத்தமாக ஒரு கோடு இழுத்தாள். அது போனாலும் வாக்கியம் நின்றது. ஆனாலும் மனம் ஆறவில்லை. ஆலையில் அவள் வேலை துணியில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பது. பழுதின் கீழே சாக்பீஸால் வரிசையாகப் புள்ளி வைப்பாள். புள்ளி விழுந்த இடத்தை வெட்டி எறிந்துவிடுவார்கள். யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. அந்தச் சொல்லின் கீழும் அதேபோல ஐந்து புள்ளி வைத்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

புத்தகக் கட்டு வந்தது. பின்னட்டையில் அந்தச் சொல் அப்படியே இருந்தது.

அச்சகத்துக்கு ஓடினாள். பக்கம் அமைக்கிறவர் அவள் திருத்திய தாளை எடுத்துக் காட்டினார். "அடிச்சுட்டு அடியில புள்ளி வச்சா, அடிச்சது தப்பு, இருந்தது இருக்கட்டும்னு அர்த்தம்க்கா. பழைய ஆளுங்க எல்லாம் அப்படித்தான் வைப்பாங்க. உங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கேன்னு நெனச்சேன்."

"முந்நூறு காப்பியும் இப்படித்தானா?"

"முந்நூறும்தான். அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்க்கா."

வீடு திரும்பியபோது பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கட்டைப் பிரித்திருந்தாள். பின்னட்டையைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, விபத்துன்னா யார் மேலயும் தப்பு இல்லன்னுதானே அர்த்தம்? எங்க டீச்சர் சொன்னாங்க."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்னும் ஐந்தாறு வருடம் தள்ளிப் போட்டுவிடலாம். அந்த வருடங்கள் முழுக்க அந்தச் சொல் பிள்ளைக்குள் ஊறிக் கெட்டியாகிவிடும்.

"அது தப்பா அச்சாயிடுச்சு" என்றாள்.

"அப்ப எது சரி?"

புத்தகத்தை வாங்கி, நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தாள். "இங்கேருந்து படி. புரியலன்னா கேளு."

பிள்ளை சீருடையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். விரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே படித்தாள். சித்தி எதிரே உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பக்கத்தின் நடுவில் விரல் நின்றது.

"அம்மா உள்ளேருந்து கதவத் தட்டித் தட்டிக் கூப்பிடுறாங்களே, யாரக் கூப்பிடுறாங்க சித்தி?"

"என்னைத்தான்."

பிள்ளை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, விட்ட வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.