விமானம் இறங்கியிருக்கக்கூடிய இடங்கள்

என் மகளுக்கு நான்கு வயது நெருங்கும்வரை நாங்கள் முடி இறக்கவில்லை, காது குத்தவும் இல்லை. பிறந்த முடி கண்ணை மறைத்துக்கொண்டு, பிடரியில் சிக்குப் பிடித்து, முதுகுவரை வளர்ந்திருந்தது. வண்ணார்பேட்டை வீட்டு வாசலில் அவளை என் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திச் சீவும்போது தெருவில் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள்.

"பொம்பளப்பிள்ள காத இப்பிடி மூளியா வச்சிருக்கியே, ஏன்மா?"

அடுத்த தையில் செய்யப்போகிறோம் என்பேன். தை போனதும் வைகாசி என்பேன்.

முதல் மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் செய்ய வேண்டும். எனக்கு ஒரே தம்பி. அவன் ஏறிய விமானம் காணாமல் போயிருந்தது.

கிழக்கே, கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளாலான ஒரு நாட்டில், மரம் வெட்டி அனுப்பும் கம்பெனி ஒன்றில் அவன் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். மகளுக்குப் பதினோராவது மாதத்தில் சடங்கு என்று நாள் குறித்து எழுதியிருந்தோம். லீவு கிடைத்துவிட்டது, கம்மல் வாங்கிவிட்டேன், சின்னதாகச் சிவப்புக் கல் வைத்தது என்று போனில் சொன்னான். அவன் இருந்த தீவிலிருந்து தலைநகருக்கு ஒரு ஜெட் விமானம். அங்கிருந்து வேறொன்றில் சென்னை. முதல் விமானம் கிளம்பியது. தலைநகரில் அது இறங்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. ஆங்கிலத்தில் பேசியவரிடம் நான் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டேன். விழுந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. காணவில்லை என்றுதான் சொன்னார். கடலில் தேடினார்கள். ஒரு துண்டு தகரமோ, மிதக்கும் ஒரு பையோ கிடைக்கவில்லை. நம் செய்தித்தாள்களில் உள்பக்கத்தில் சிறிதாக வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. எதுவும் கிடைக்காததே எங்களுக்கு நம்பிக்கையாகிவிட்டது.

அம்மா நாங்கள் படித்துக்கொண்டிருந்தபோதே இறந்துபோனாள். அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று ஆழ்வார்குறிச்சியில் தனியாக இருந்தார். எதையும் ரயிலை வைத்துத்தான் அவருக்கு யோசிக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைத் தூக்கிக்கொண்டு நான் போவேன். சாப்பிட்டு முடித்ததும் பழைய அட்லஸை விரித்துவிடுவார்.

"ஒத்தைத் தண்டவாளத்துல ஒரு வண்டி காணாமப் போவுமாட்டி? போவாது. ஏன்? டிரைவர் கையில டோக்கன் இருக்கு. அந்த ஸ்டேஷன்காரன் குடுத்ததை இந்த ஸ்டேஷன்காரன் வாங்கணும். வாங்குத வரைக்கும் ரெண்டு பேரும் கண்ணசர முடியாது. ஆகாயத்துல அப்பிடி இல்ல. ஒருத்தன் 'என் எல்லையத் தாண்டிட்டான்'னு விட்டுருதான். அடுத்தவன் 'இன்னும் வரல'ங்கான். நடுவுல கொஞ்ச நேரம் அது யாருக்கும் சொந்தமில்ல. அங்கன வச்சுத்தான் திருப்பியிருக்கான்."

"யாருப்பா?"

"எவனோ, கடத்துனவன். தாழப் பறந்தா ரேடார்ல விழாது. அந்தத் தீவுகள்ல யுத்த காலத்துல ஜப்பான்காரன் போட்ட ஓடுதளம் எத்தனையோ கெடக்கு. விளக்கை அணைச்சிட்டுப் பைய எறக்கியிருப்பான்."

பென்சிலால் அவர் வட்டமிட்ட தீவுகளுக்குப் பெயர்கூட இல்லை. எனக்கு வந்த சந்தேகங்கள் வேறு மாதிரியானவை. அத்தனை பேருக்கும் யார் சமைப்பார்கள்? கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் பாலுக்கு என்ன செய்வார்கள்? தம்பிக்குப் புளி ஊற்றாத குழம்பு தொண்டையில் இறங்காதே. அப்பா இவற்றுக்கெல்லாம் பதில் வைத்திருந்தார். மரவள்ளிக் கிழங்கு விளையும், மீன் கிடைக்கும், தென்னை இல்லாத தீவு கிடையாது. தேங்காய்ப்பால் கொடுத்தால் குழந்தை பிழைத்துக்கொள்ளும். கேட்கக் கேட்க எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். திரும்பி வரும் பஸ்ஸில் அம்பாசமுத்திரம் தாண்டுவதற்குள் அந்த நிறைவு வடிந்துவிடும். தேங்காய்ப்பால் எத்தனை நாளைக்கு? அடுத்த ஞாயிறு மறுபடியும் போவேன்.

என் கணவர் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார். "அவ்வளவு பெரிய சாமான், ஒருத்தர் கண்ணுலயும் படாமயா எறங்கும்?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். நான் அதை அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொன்னேன்.

அவருடைய அம்மா, என் அத்தைக்கு, அவ்வளவு தயக்கம் கிடையாது. "உங்கப்பா முன்னால ரயிலுக்குத்தான் கொடி காட்டுனாரு. இப்ப ஆகாயத்துக்கே ஸ்டேஷன் மாஸ்டர் ஆயிட்டாரு" என்று ஒருநாள் அடுப்படியிலிருந்து சொன்னார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வெயில் காலத்தில் பிள்ளையின் தலையில் கொப்புளம் கிளம்பியபோது, வேப்பிலை அரைத்துப் போட்டு, பொறுமையாக உட்கார்ந்து பேன் பார்த்ததும் அவர்கள்தான்.

ஜூனில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அத்தை தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள்.

"அதுக்கு முந்தி முடி எறக்கியாகணும். உங்க பெரியப்பா மகன் இருக்காம்லா, அவனும் மாமன் மொறதான. அவன் மடியில வைப்போம். நீ பேசுதியா, நான் பேசட்டுமா?"

நானே பேசுகிறேன் என்றேன். அப்பா கேட்டுவிட்டு வெகுநேரம் அட்லஸின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவன் வந்து, எம் மடி சும்மாதான இருக்குன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

எனக்கும் அதுதான் பயம். இன்னொருவர் மடியில் பிள்ளையை உட்கார வைத்த மறு நிமிடம் அவன் இல்லையென்று நாங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அதே சமயம், பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் இவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று சொல்வதையும் நினைத்துப் பார்ப்பேன். எதைச் செய்தாலும் ஒருவருக்குத் துரோகம் செய்வதாகப் பட்டது.

"உன் மாப்பிள்ளைக்கு நம்பிக்கையில்லல்லா?" என்றார் அப்பா. "யாருக்கும் தெரியாம எறங்க முடியுமா முடியாதான்னு நான் காட்டுதேன். கயத்தாறுல வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம் கெடக்கு. பிள்ளையையும் கூட்டிட்டு வா. பாத்துட்டு வந்து அப்புறம் சொல்லு."

திருநெல்வேலியிலிருந்து காலை பஸ்ஸில் போனோம். இறங்கி, உடைமரங்களுக்கு நடுவே ஒரு வண்டித்தடத்தில் நடந்தோம். திடீரென்று மரங்கள் விலகின. வெடித்த சிமெண்டுத் தரை, வெடிப்புக்குள் காய்ந்த புல், கண்ணுக்கெட்டிய தூரம்வரை நேராக நீண்டு கிடந்தது. ஒரு ஓரத்தில் யாரோ வற்றல் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். காற்றைத் தவிரச் சத்தமே இல்லை.

அப்பாவின் முகம் தம்பி போன பிறகு அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"பாத்தியா? எவ்வளவு நீளம்! சுத்திப் பாரு, ஈ காக்கா உண்டா? இங்கன ஒண்ணு எறங்கினா எவனுக்குத் தெரியும்? நம்ம ஊர்லயே இப்பிடின்னா அந்தத் தீவு எப்பிடி இருக்கும்!"

இறக்கையின் அகலத்தைக் காட்ட இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடந்தார். மகளும் கைகளை விரித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓடினாள், முடி காற்றில் பறக்க. எனக்கு அந்த நேரத்தில் எல்லாம் கண்ணில் தெரிந்தது. கதவு திறக்கிறது, ஆட்கள் இறங்குகிறார்கள், கையில் பையோடு தம்பி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிழல் தேடுகிறான். ஓடிப்போய் அவனைக் கூப்பிடலாம் போலிருந்தது.

"யாரு அது? எந்தூரு?"

உடைமரத்துக்குப் பின்னாலிருந்து ஆட்டுக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். நான் பதில் சொல்வதற்குள் சைக்கிளில் இரண்டு பேர் வந்து காலை ஊன்றி நின்றார்கள். மிளகாய்க்குச் சொந்தக்காரர் தோளில் துண்டோடு வேகமாக வந்தார். எங்கிருந்துதான் முளைத்தார்களோ, சின்னப் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள்.

"அளக்க வந்திருக்கியளா அண்ணாச்சி?" என்றார் மிளகாய்க்காரர். "கரண்டு எடுக்குத காத்தாடி போடப் போறாவளா?"

"இல்ல, சும்மா பாக்க வந்தோம்" என்றார் அப்பா.

"சும்மாவா? இந்த வேனல்ல இங்கன பாக்க என்ன இருக்கு?"

சைக்கிள்காரரில் ஒருவர் சிரித்தார். "பஸ்ஸ விட்டு எறங்கையிலயே பாத்துட்டேன். ஒரு பெரியவரு, ஒரு பொம்பள, காது குத்தாத ஒரு பிள்ள. எங்க போறாவன்னு எங்க மதினிட்ட கேட்டேன். நம்ம ஊருக்கு இல்லையேன்னா. சரி, பின்னாலயே போயிப் பாப்போம்னு வந்தேன்."

ஆட்டுக்காரப் பெண் தூக்குச்சட்டியிலிருந்து மகளுக்கு நீராகாரம் ஊற்றிக் கொடுத்தாள். குடிக்கும்போது அவள் முடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏன்மா இன்னும் முடி எறக்கல?" என்று கேட்டாள்.

"மாமன் வெளிநாட்டுல" என்றேன்.

"எப்ப வாராவ?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அவர்களுக்குப் பின்னால் நீண்டு கிடந்த தரையைப் பார்த்தார். மூன்று பேர் பஸ்ஸில் வந்து இறங்கியதற்கே ஒரு ஊர் கூடிவிட்டது.

அட்லஸில் வட்டமிட்ட தீவுகளில் நாங்கள் ஒருநாளும் ஆட்களை வைத்துப் பார்த்ததில்லை. கிழங்கு வைத்தோம், மீன் வைத்தோம், தென்னை வைத்தோம். அங்கேயும் ஆடு மேய்க்கிற ஒருத்தி இருப்பாள், அவளும் யாரு எந்தூரு என்று கேட்பாள், தன் மதினியிடம் போய்ச் சொல்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவுக்கு என்ன தோன்றியது என்று நான் கேட்கவில்லை. பஸ் நிற்கும் இடம்வரை அவர்கள் பேசிக்கொண்டே கூட வந்தார்கள்.

திரும்பும்போது மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். கங்கைகொண்டான் வந்தபோது அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"பெரியப்பா மகன் வேண்டாம். நான் மடியில வச்சுக்கிடுதேன். உங்க அத்தைட்ட நாள் பாக்கச் சொல்லு."

வேண்டாம்ப்பா, இன்னும் கொஞ்ச நாள் பொறுப்போம் என்று சொல்ல வாய் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. சொல்லியிருந்தால் அவர் சரியென்றிருப்பார் என்று இப்போதும் சில நாள் தோன்றும்.

கணவர் வீட்டுச் சாஸ்தா கோவில் அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, ஆற்றங்கரையில். படித்துறைக்கு மேல் பாய் விரித்திருந்தது. நாவிதர் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு, வழக்கம்போலக் கேட்டார்: "தாய்மாமன் யாரு? வந்து உக்காருங்க." அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சம்மணம் போட்டார். மகள் வீறிட்டு அழுதாள். அவர் ஒரு கையால் அவள் நெற்றியையும் மறுகையால் மோவாயையும் பிடித்துக்கொண்டார். முடி அவர் வேட்டியில் விழுந்துகொண்டே இருந்தது. குளிப்பாட்டிச் சந்தனம் பூசி மறுபடி உட்கார வைத்ததும் ஆசாரி காது குத்தினார். கம்மல் அப்பா வாங்கி வந்தது, வெறும் பொன்னில். கல் வைத்ததை அவர் பார்க்கவே இல்லையாம், கடைக்காரர் எடுத்துக் காட்டியும்.

எல்லோரும் சாப்பிட மண்டபத்துக்குப் போனார்கள். அப்பா போகவில்லை. நாவிதர் பெட்டியை மூடப்போகும்போது அவர் முன்னால் போய் நின்றார்.

"எனக்கும் எடுத்து விடும். மீசையையும் சேத்து."

"நேர்த்திக்கடனா அண்ணாச்சி?"

"இல்ல. என் மகன் செத்துப் போனான்."

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொல்லாத சொல் அது.

"எப்ப?" என்று கேட்டார் நாவிதர்.

"மூணு வருசத்துக்கு மேல ஆச்சு."

நாவிதர் பாயையும், தரையில் சிந்தியிருந்த மஞ்சள் தண்ணீரையும் பார்த்தார். "நல்லது நடந்த எடம். இங்கன வேண்டாம், கீழ்ப்படிக்கு வாங்க" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினார். அப்பாவைத் தெற்கே பார்த்து உட்கார வைத்தார்.

அழுது ஓய்ந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நான் மேல்படியில் நின்றேன். இறங்கி ஓடித் தடுக்க வேண்டும் போலவும் இருந்தது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுத் தொலைபேசி அடித்தால் என்ன செய்வது என்று அப்போதும் மனதுக்குள் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது.

அத்தை மண்டபத்திலிருந்து வந்தார்கள். "சோறு ஆறுது, உங்கப்பாவ ஒரு சத்தம் குடு..." என்று தொடங்கியவர்கள் கீழே பார்த்துவிட்டு நின்றார்கள். பிறகு என்னிடம் கையை நீட்டினார்கள்.

"பிள்ளைய இங்க தா. நீயும் போயித் தலைய நனைச்சிட்டு வா."

"பட்டுச்சேலை நனைஞ்சிருமே அத்தை" என்றேன்.

"நனையட்டும்."

பிள்ளையை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன்.